யாரும் போகாத இடங்களின் பட்டியல்

என் மனைவியின் தங்கையைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அவள் மேல் பொறாமை. கொஞ்ச நஞ்சமல்ல, வயிறு பற்றி எரிகிற பொறாமை. பதினாறு வருடமாக ஒரே அறையில் அவள் ஒரு மேஜையிலும் நான் ஒரு மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறோம். அவள் லீவு போட்ட நாட்களில்தான் நான் நிம்மதியாக டீ குடித்திருக்கிறேன்.

வேளாண் அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில் கடைசி அறை எங்களுடையது. வாசலில் 'ஒருங்கிணைப்புப் பிரிவு' என்று பலகை. உள்ளே இரண்டு மேஜை, நாலு பீரோ, சுவர் முழுக்க ஒரு வரைபடம், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி. வாளி நிறைந்தால் யார் கொட்டுவது என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒருங்கிணைப்பு ஏற்பட்டதே இல்லை.

வேலை இதுதான். அரசாங்கம் ஒரு பக்கம் விவசாயிக்கு விதையும் உரமும் கொடுக்கும். உதவி செய்கிற வெளிநாட்டு அமைப்புகள் ஏழெட்டு, இன்னொரு பக்கம் அதையே கொடுக்கும். யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். எல்லாரும் பசியைப் போக்கத்தான் வந்திருக்கிறார்கள், இருந்தாலும் தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வட்டாரம் இருக்கிறது. காலையில் வெள்ளை ஜீப்பில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அதனால் எல்லாருக்கும் அந்த வட்டாரத்தின் மேல்தான் இரக்கம். அங்கே ஒரு விவசாயியின் படம் ஒரே வருடத்தில் மூன்று அமைப்புகளின் ஆண்டறிக்கையில் வந்தது. மூன்று படத்திலும் மூன்று தொப்பி, ஒரே சிரிப்பு. இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அதற்காக நான் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய அட்டவணை செய்திருந்தேன். வெளிநாட்டில் ஆறு வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து செய்தது. இருநூற்றுப் பதினான்கு வரிசை. யாராவது ஒரு வட்டாரத்தில் வேலை செய்கிறேன் என்றால் அந்தக் கட்டம் பச்சையாகும், யோசிக்கிறேன் என்றால் மஞ்சள், யாரும் இல்லை என்றால் சிவப்பு. இயக்குநர் பார்த்துவிட்டு, "பிரமாதம்யா" என்றார். அதன் பிறகு அதை அவர் திறக்கவில்லை. வேறு யாரும் திறக்கவில்லை.

என் மச்சினியை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே நான்தான். டைப்பிஸ்ட் வேலை காலியாக இருந்தது. அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர், மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான் இருப்பார். "என் தங்கச்சி வீட்டுல சும்மாதானே இருக்கா, ஏதாவது பாருங்களேன்" என்று என் மனைவி நச்சரித்தாள். பார்த்தேன். ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்தவன் கதை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், ஆனாலும் பார்த்தேன்.

வந்த முதல் வருடம் ஒழுங்காகத்தான் இருந்தாள். வீட்டில் அத்தான், ஆபீஸில் சார். நான் எழுதிக் கொடுத்ததை டைப் அடிப்பாள், அமைப்புகளுக்குப் போன் போட்டு அட்டவணையை நிரப்பச் சொல்லிக் கேட்பாள். அவர்கள் யாரும் பிடிகொடுக்க மாட்டார்கள். ஒரு நாள் நெட்டை அவளிடம் எரிந்து விழுந்திருக்கிறார். நெட்டை என்பது நாங்கள் வைத்த பெயர், ஒரு பெரிய அமைப்பின் அதிகாரி, கதவுக்குள் குனிந்துதான் வருவார். "ஏம்மா, என்ன செய்யப்போறோம்னு எங்களுக்கே தெரியாது. என்ன செய்யமாட்டோம்னு கேளுங்க, ஒரு நிமிஷத்துல சொல்றேன்." வேறு யாராக இருந்தாலும் முகம் சுண்டிப்போய் போனை வைத்திருப்பார்கள். இவள் நோட்டைத் திறந்து, "சரி சார், அதையே சொல்லுங்க" என்றிருக்கிறாள்.

அவர் சொன்னார். அடுத்தவரிடமும் அதையே கேட்டாள், அவரும் சொன்னார். எதைச் செய்வோம் என்று கேட்டால் மனுஷன் அளப்பான். எதைச் செய்யமாட்டோம் என்று கேட்டால் பொய் சொல்ல அவனுக்குக் காரணமே இல்லை. அரசு இலாகாக்களிடமும் அப்படியே கேட்டு, எல்லாரும் கைவிட்ட இடங்களை மட்டும் நாலு பக்கத்தில் டைப் அடித்து இயக்குநர் மேஜையில் வைத்தாள். 'யாரும் போகாத இடங்கள்' என்று மேலே தலைப்பு. அதை அவர் இரண்டு தடவை படித்தார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை நடக்கிற கூட்டத்தில் அரசுக்காரர்களும் அமைப்புக்காரர்களும் அந்த நாலு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை நான் எடுத்துக்கொள்கிறேன், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். என் இருநூற்றுப் பதினான்கு வரிசையும் பச்சையும் மஞ்சளுமாகக் கம்ப்யூட்டரில் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு வலது முழங்காலில் வலி, ஒரு ஸ்டூலை இழுத்துக் காலை நீட்டிக்கொள்வாள். "வணக்கம் சார், வியாழக்கிழமை வந்துடுச்சு. எதெல்லாம் முடியாது சொல்லுங்க." அந்தப் பக்கம் சிரிப்பார்கள். என்னிடம் பேசும்போது தொண்டையைச் செருமிக்கொள்கிறவர்கள் அவளிடம் சிரித்தார்கள். எந்த ரோட்டில் எத்தனை டன் போகும், எந்தப் பாலம் எப்போது மூழ்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். டைப்பிஸ்ட் உதவியாளர் ஆனாள், உதவியாளர் ஒருங்கிணைப்பாளர் ஆனாள். கடைசியில் எனக்கும் அவளுக்கும் ஒரே பதவி, ஒரே சம்பளம். அறையின் நல்ல ஜன்னல் அவள் பக்கம்.

வீட்டிலாவது ஓய்வு உண்டா என்றால் அதுவும் இல்லை. என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் தங்கச்சி இல்லேன்னா இந்த நாட்டுல பாதிப் பேர் பட்டினி" என்பாள். கூடவே, "இவரும் அதே ஆபீஸ்தான்" என்பாள். அந்த 'இவரும்' இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் தொடர்ந்து இரண்டு போகம் மழை பொய்த்தது. விவசாயிகள் விதைக்கு வைத்திருந்ததையும் சாப்பிட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்கு முன்னால், பாதிக்கப்பட்ட ஒன்பது வட்டாரத்துக்கும் விதை போய்ச் சேர வேண்டும். விதை இருந்தால் விதைப்பு, இல்லையென்றால் இன்னொரு வருடம் பசி. ஒன்பதில் கஷ்டமானது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வட்டாரம். இரண்டாயிரத்து நூறு குடும்பம். போவதற்கு ஒரே ஒரு தரைப்பாலம். முதல் பெரிய மழைக்கு மூழ்கினால் இரண்டு மாதம் வெளியே தெரியாது. அந்த வட்டாரத்தை நெட்டையின் அமைப்பு எடுத்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் நெட்டை போன் செய்தார். அவள் முழங்காலுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரி போயிருந்தாள், நான் எடுத்தேன்.

"சார், எங்க தலைமை ஆபீஸ் கையை விரிச்சிடுச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்களால முடியாது. கடிதம் அனுப்பறேன். நான் வேற நாட்டுக்கு மாத்தலாகிப் போறேன், நாளைக்கு ஒருநாள்தான் இங்க இருப்பேன். மேடத்துகிட்ட மறக்காம சொல்லிடுங்க."

மேடம். என்னை மேடத்துக்குச் சேதி சொல்கிற ஆளாக்கிவிட்டார். போனை வைத்துவிட்டு ஒரு காகிதத்தில் எழுதினேன். எழுதியதை அவள் மேஜையில் வைக்கப் போனவன் என் டிராயரில் வைத்தேன். திங்கட்கிழமை கூட்டம். அவள் பட்டியலில் இந்த இடம் இருக்காது. எல்லார் முன்னாலும் நான் எழுந்து, 'இந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது' என்று சொல்வேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மழைக்கு இன்னும் இரண்டு வாரம் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நாலைந்து நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அவள் வழக்கம்போல் எல்லாருக்கும் போன் போட்டாள். நெட்டையிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்ட ஏதோ சொல்லிட்டாராமே சார்? அவங்க ஆபீஸ்ல பிரிவு உபசார பார்ட்டியாம், ஒரே சத்தம், சரியாக் கேக்கல. சார்கிட்ட கேட்டுக்கங்கன்னு வெச்சிட்டாரு."

"ஒண்ணுமில்ல. போன கூட்டத்துக் குறிப்புல அவர் பேரைத் தப்பா அடிச்சிட்டோமாம்."

"அய்யோ, நான்தானே அடிச்சேன்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, நோட்டில் அந்த வட்டாரத்துக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். நான் சொன்னதைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வானம் மங்கியது. சனிக்கிழமை இன்னும் மங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளும் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவர் அந்தப் பக்கத்திலிருந்துதான் லாரி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கை கழுவும்போது, "மேல மலையில இடி இடிக்குது சகலை, இந்தத் தடவை சீக்கிரமே இறங்கிடும் போல" என்றார். எனக்குத் திக்கென்றது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சத்தியமாக முடிவு செய்தேன். "இங்க பாரு, ஒரு விஷயம்" என்று அவளைப் பார்த்து ஆரம்பித்தும் விட்டேன்.

அதற்குள் என் மனைவி குழம்புப் பாத்திரத்தோடு வந்து குறுக்கே விழுந்தாள். "சாப்பிடும்போது ஆபீஸ் பேச்சு வேணாம். அவ தலையில இருக்கற பாரம் போதாதா? உங்களை மாதிரி அஞ்சு மணிக்கு மூட்டை கட்டறவளா அவ?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மச்சினி மட்டும், "அக்கா, நீ சும்மா இரு" என்றாள். அவள் எனக்காகப் பரிந்து பேசியதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "என்ன அத்தான், ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்றேன்.

திங்கட்கிழமை விடியும்போதே மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு எல்லாரும் குடையை உதறிக்கொண்டு வந்தார்கள். இயக்குநர் பட்டியலைக் கையில் எடுத்ததும் நான் எழுந்தேன். நினைத்து வைத்திருந்த வாக்கியத்தை நினைத்து வைத்திருந்தபடியே சொன்னேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுப்போயிருக்கிறது, அந்த அமைப்பு விலகிவிட்டது.

இயக்குநர் அவளைப் பார்த்தார். "என்னம்மா இது?"

அவள் நோட்டைத் திறந்து, வியாழக்கிழமை போட்ட டிக்கைப் பார்த்தாள். பிறகு அவர் என்னைக் கேட்டார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்குக் காலைலதான் சார், வரும்போது."

நெட்டைக்குப் பதிலாக ஒரு புது அதிகாரி வந்திருந்தாள். பாவம், அன்றுதான் அவளுக்கு வேலையில் முதல் நாள். "கடிதம் கொடுத்தனுப்பியிருக்காங்க" என்று ஒரு உறையை நீட்டினாள். இயக்குநர் பிரித்து, கீழே கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு என் மச்சினி பக்கம் தள்ளினார். அவள் மேலிருந்து படித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் வரியே, 'புதன்கிழமை தொலைபேசியில் தங்கள் பிரிவுக்குத் தெரிவித்தபடி' என்று இருந்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு விநாடி இருக்கும். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடிதத்தை மடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சார், இப்ப லாரி எத்தனை இருக்கு?" என்றாள்.

அடுத்த நாற்பது நிமிடம் அவள் செய்ததை யாராவது படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்கில் இரண்டு அமைப்புகள் ஒரே வட்டாரத்துக்கு இரண்டு பங்கு விதை இறக்கியிருந்ததை நினைவுபடுத்தினாள். ஒரு பங்கை விட்டுத்தர முடியுமா என்று அவர்களிடம் கேட்கவில்லை. "விட்டுத்தர முடியாதுன்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றாள். யாரும் தூக்கவில்லை. அரசுப் பக்கத்துக் கையெழுத்தையும் அமைப்பின் கையெழுத்தையும் அந்த மேஜையிலேயே வாங்கினாள். வழக்கமாக அதற்குப் பன்னிரண்டு நாள் ஆகும். கூட்டுறவுக்காரர்களிடம் ஏழு லாரி, சாலைத் துறையிடம் நாலு. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, எந்தப் பக்கமாகப் போனால் சேறு குறைவு என்று கேட்டுச் சொன்னாள். மதியம் ஒரு மணிக்குப் பதினொரு லாரியும் கிடங்கிலிருந்து கிளம்பிவிட்டன.

ஐந்தரைக்கு ஆறாவது லாரி பாலத்தைத் தாண்டியது. ஏழாவது லாரி இறங்கப் போகும்போது தண்ணீர் பாலத்தின் மேல் ஏறிவிட்டது. மிச்சம் ஐந்து லாரியும் இந்தக் கரையிலேயே நின்றன. தொள்ளாயிரத்துச் சொச்சம் குடும்பத்துக்கு விதை போகவில்லை. புதன்கிழமை சாயங்காலம் நான் அந்தக் காகிதத்தை எதிர் மேஜையில் வைத்திருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதற்கு எனக்குக் கிடைத்தது பாராட்டு. 'தக்க சமயத்தில் குறையைக் கண்டறிந்து' என்று இயக்குநர் கடிதமே கொடுத்தார். அவளுக்கு விளக்கம் கேட்டு மெமோ. பட்டியலை இனி நான் சரிபார்த்த பிறகுதான் வெளியே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. என் மனைவி பாராட்டுக் கடிதத்தைச் சட்டம் போட்டாள். இத்தனை வருடம் நான் ஏங்கியது அப்படியே ஒரு வாரத்தில் மடியில் வந்து விழுந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு நாலாவது நாள் மாடிப்படியில் அவளை மடக்கினேன். "அன்னைக்கே எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லல?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. "சொல்லியிருந்தா சண்டை ஆரம்பிச்சிருக்கும். நீங்க ஒண்ணு சொல்வீங்க, நான் ஒண்ணு சொல்வேன். மணி ரெண்டாயிருக்கும். ஆறு லாரியும் போயிருக்காது" என்றாள். கையில் லாரிக் கணக்கு இருந்த நேரத்தில்கூட அவளால் அதை யோசிக்க முடிந்திருக்கிறதே என்று, அங்கே நின்றபடியே, எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது. என்னைத் திருத்த முடியாது.

பாலம் தெரிய இரண்டு மாதம் ஆனது. நிலைமையைப் பார்த்து வர எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். ஜீப்பில் முன் சீட்டில் அவள், பின் சீட்டில் நான். ஆற்றைத் தாண்டியதும் முதல் ஊர்களில் சோளம் இடுப்பளவு நின்றது. போகப் போகப் பச்சை குறைந்தது. பிறகு ஒரு இடத்திலிருந்து நிலம் வெறும் நிலமாகக் கிடந்தது. உழுது வைத்திருந்தார்கள். உழுத சால்களில் களை முளைத்திருந்தது.

அங்கே ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து ஏதோ காட்டுக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். நாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அந்த ஊர் வரைக்கும் லாரி வந்துது. எங்களுக்கு ஏன் வரல?"

என் மச்சினி வலிக்கிற காலை ஒருபக்கம் சாய்த்து நின்றபடி, "பட்டியல்ல விட்டுப்போச்சும்மா. பட்டியல் போடறது நான்தான். என் தப்பு" என்றாள்.

அவ்வளவுதான். அந்தப் பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிடி பிடித்தாள் பாருங்கள். உழுது முடித்து மூன்று நாள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றதையும், மகன் கூலி தேடிப் போனவன் போன இடம் தெரியாததையும் சொல்லிச் சொல்லித் திட்டினாள். என் மச்சினி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அது என்னுடைய திட்டு. ஒவ்வொரு சொல்லும் எனக்குச் சேர வேண்டியது. அதையும் இவள் எடுத்துக்கொள்கிறாளே என்று உள்ளே என்னவோ பொங்கியது. வெட்கமா பொறாமையா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

"இவங்க இல்லம்மா" என்று முன்னால் போய் நின்றேன். "நான்தான். எனக்கு முன்னாடியே தெரியும். இவங்க மேல இருந்த பொறாமையில நாலு நாள் சொல்லாம மறைச்சிட்டேன். தப்பு என்னோடது."

அத்தனை வருடத்தில் நான் பேசிய ஒரே நேர்மையான பேச்சு. என் மச்சினி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீயா அவளாங்கறதை நீங்க ரெண்டு பேரும் உங்க ஆபீஸ்ல போய்ப் பேசிக்கங்க" என்றாள். "எனக்கு மழை போச்சு."

கத்தியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.